பந்தயச் சாலையில் மிதிவண்டிப் பழுது

மிதிவண்டிப் பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை வீரனின் கால்கள். அக்கால்களுக்கு என்ன உணவு, என்ன பயிற்சி, எத்தனை மணி நேர உறக்கம் என்றெல்லாம் கேட்பவர் பலர். பின்சக்கரத்து நட்டு இறுகியிருக்கிறதா என்று கேட்பவர் அரியர். கால் களைத்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். நட்டு தளர்ந்தால் வண்டியே நின்றுவிடும். சென்ற ஆண்டு மாவட்ட அளவில் நடந்த 20 கிலோமீட்டர் சாலைப் போட்டி ஒன்றில் இதை நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்திற்கான கட்டணத்தை நான் மட்டுமே செலுத்தியிருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். பெரும் பங்கை வேறொருவர் செலுத்தினார். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சாலைப் பந்தயத்தின் வரலாற்றில் பாதி, பழுதுகளின் வரலாறு எனலாம். 1869 நவம்பர் 7ஆம் நாள் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியை, நகர்விட்டு நகர் சென்ற முதல் சாலைப் பந்தயம் என்பர். அன்று காற்றடைத்த டயரே கிடையாது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற பின் வேகம் கூடிற்று. கூடவே பஞ்சரும் பிறந்தது. தொடக்கத்தில் டயரை ரிம்மோடு பசையிட்டு ஒட்டிவிடுவார்கள். ஒரு முள் தைத்தால் பிரித்து, ஒட்டி, காயவைத்து முடிப்பதற்குள் பந்தயம் முடிந்து பரிசும் வழங்கியிருப்பார்கள். இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிரான்சின் மிஷ்லேன் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரை 1891இல் கொண்டுவந்தனர். அவ்வாண்டு ஏறத்தாழ 1,200 கி.மீ. ஓடிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் போட்டியில் அந்த டயரைப் பூட்டிச் சென்ற சார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். மறு ஆண்டு, தங்கள் டயரை எவ்வளவு எளிதில் செப்பனிடலாம் என்று காட்டுவதற்காக, பந்தயச் சாலையில் அச்சகோதரர்களே ஆணிகளைத் தூவச் செய்தார்கள் என்றும் சொல்வதுண்டு. நம் ஊரில் அந்தச் செலவு தேவையில்லை; சீமைக் கருவேல மரங்களே அப்பணியைச் செவ்வனே செய்துவருகின்றன.

பழுதின் கதைகளுள் தலையாயது யூஜின் கிறிஸ்டோஃபின் கதை. 1913இல் பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் அவர் முன்னணியில் இருந்தார். துர்மலே என்னும் மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் முன் ஃபோர்க் முறிந்தது. பழுதை வீரனே சரிசெய்ய வேண்டும், பிறர் உதவி பெறக்கூடாது என்பது அந்நாளைய விதி. வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, மலையடிவாரச் சிற்றூரான சென்ட் மரி த காம்பானில் ஒரு கொல்லன் பட்டறையை அடைந்தார். நடுவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கைத் தாமே ஒட்டினார். இரு கைகளாலும் வேலை நடந்ததால் துருத்தியை ஊத ஒரு சிறுவன் உதவினான். அந்த உதவிக்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை! பின்னர் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். இழந்த நேரமோ மணிக்கணக்கில். அதே மனிதர் 1919இல், மஞ்சள் சட்டை அறிமுகமான ஆண்டில், அதை முதன்முதல் அணிந்தவர். பந்தயம் முடிய இரண்டே கட்டங்கள் இருக்கும்போது மறுபடியும் ஃபோர்க் முறிந்தது. மஞ்சள் சட்டையும் போயிற்று.

இன்றைய தொழில்முறை வீரர்க்குப் பின்னால் உதிரிச் சக்கரங்களும் முழு வண்டிகளும் ஏற்றிய கார்கள் வருகின்றன. கையை உயர்த்தினால் போதும், மெக்கானிக் ஓடிவருகிறார். ஆனால் தன் செலவில் பந்தயத்திற்குப் போகும் கல்லூரி மாணவன் பெரும்பாலும் இன்னும் 1913இல்தான் வாழ்கிறான். நடுவர் ஜீப்பில் தண்ணீர் பாட்டில் இருக்கும்; ஸ்பேனர் இருக்காது.

ஒரு நிமிடத்தின் விலை

நான் இயற்பியல் மாணவன் ஆதலால் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண மிதிவண்டிகளில் ஒரு கூட்டம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 500 மீட்டர். செயின் கழன்று நீங்கள் ஒரு நிமிடம் நின்றால் கூட்டம் உங்களுக்கு 500 மீட்டர் முன்னே போய்விடும். நீங்கள் மனம் தளராமல் மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் துரத்துகிறீர்கள். வேக வேறுபாடு 2 கி.மீ.; அதாவது நிமிடத்திற்கு 33 மீட்டர் சுருங்குகிறது. அந்த 500 மீட்டரைக் கடக்க 15 நிமிடம் வேண்டும். அதற்குள் 8 கி.மீ. ஓடியிருப்பீர்கள். 20 கி.மீ. பந்தயத்தில் 8 கி.மீ.!

இதோடு முடியவில்லை. காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. 30லிருந்து 32 என்றால் பார்வைக்குச் சிறு வேறுபாடுதான். ஆனால் காற்றை எதிர்க்கும் திறன் 21 விழுக்காடு கூட வேண்டும். கூட்டத்தில் செல்பவனோ முன்னவன் முதுகுக்குப் பின்னே ஒளிந்து, தன் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம் பிடிக்கிறான். தனியே துரத்துபவன் இரட்டை வரி கட்டுகிறான்.

ஆகவே பழுது ஏற்பட்டவுடன் மனத்தில் எழவேண்டிய முதல் கேள்வி ‘என்ன உடைந்தது?’ என்பதன்று, ‘இன்னும் எத்தனை கிலோமீட்டர்?’ என்பதே. எல்லைக்கோட்டுக்கு 2 கி.மீ. இருக்கும்போது பின் டியூபில் மெல்லக் காற்று இறங்கினால் இறங்கிப் பார்ப்பது பேதைமை. உடல் எடையை முன்னே கொடுத்து, வளைவுகளில் வேகம் குறைத்து, ஓட்டி முடிக்க வேண்டியதுதான். முன் டியூபில் இறங்கினால் கதை வேறு. திருப்பும்போது டயர் வழுக்கும். உங்களோடு பின்னால் வருபவர்களையும் வீழ்த்திவிடுவீர்கள். அப்போது ஓரம் கட்டுவதே முறை. பிரேக் கட்டை ரிம்மில் உரசினால் அதைத் தளர்த்திவிட்டு ஓடலாமே என்று சிலர் சொல்வார்கள். முன் பிரேக் நன்றாக இருந்து, சாலை சமதளமாகவும் இருந்தால் பின் பிரேக்கைப் பற்றி அவ்வாறு எண்ணலாம். முன் பிரேக்கில் அந்த விளையாட்டு வேண்டா.

செயின்

நம் மாவட்டங்களில் மாணவர்க்கு நடக்கும் போட்டிகளில் பலவும் சாதாரண மிதிவண்டிக்கு உரியவை. அண்ணா பிறந்த நாளையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு நடத்தப்படும் போட்டியில் இந்தியத் தயாரிப்பான சாதாரண மிதிவண்டிகளுக்கே அனுமதி. நான் முதலில் கலந்துகொண்டதும் அதில்தான். பதினொன்றாம் வகுப்பில் பெற்ற விலையில்லா மிதிவண்டியில். இத்தகைய வண்டிகளில் பந்தயத்தை அதிகம் கெடுப்பது பஞ்சர் அன்று, செயின் கழல்வதே என்பது என் அனுபவம்.

செயினின் இரு பின்களுக்கு இடையே உள்ள தொலைவு அரை அங்குலம். புதுச் செயினில் 24 இணைப்புகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். ஓட ஓடப் பின்கள் தேய்ந்து இடைவெளி கூடும். இரும்பு நீள்வதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் தேய்மானம்தான் நீளமாகத் தெரிகிறது. அந்த 24 இணைப்புகள் 12 அங்குலத்தைவிட எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். ஓர் அடிக்கோல் போதும்; எந்த மாணவனிடமும் இருக்கிறது.

அடுத்தது தொய்வு. செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் மேடுபள்ளத்தில் குதிக்கும்போது கழலும். பல்சக்கரம் முழு வட்டமாக இருப்பதில்லை. பெடலைச் சுற்றிக்கொண்டே பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். தொய்வை எடுக்கப் பின்சக்கரத்து நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறோம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு பக்க நட்டை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் கோணிவிடும். இரு பக்கமும் மாறி மாறி, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

கழன்ற செயினை மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பின்னால் உள்ள ஃப்ரீவீலில் முழுவதும் உட்கார வையுங்கள். பிறகு முன் பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில் நான்கைந்து பற்களில் பொருத்தி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஃப்ரீவீல் பின்னோக்கி இலகுவாகச் சுழலும் ஆதலால் சக்கரத்தைத் தூக்க வேண்டியதில்லை. செயின் தானே ஏறிக்கொள்ளும். பழகிய கைக்கு இருபது வினாடி. விரல் மட்டும் செயினுக்கும் பல்லுக்கும் இடையே போகக்கூடாது. முழுச் செயின் கவர் உள்ள வண்டியாயின் இந்த இருபது வினாடி பத்து நிமிடம் ஆகும்; எனவே போட்டிக்கு முன்பே, விதி இடம் கொடுத்தால், அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

பல கியர் உள்ள பந்தய வண்டியில் செயின் முன்பக்கம் உள்ளே விழுந்தால் இறங்கவே வேண்டாம். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பெரிய பல்சக்கரத்துக்கு கியரை மாற்றினால் பெரும்பாலும் ஏறிவிடும். பதறி அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். 2010 டூர் டி பிரான்ஸில் ஆன்டி ஷ்லெக் என்னும் லக்சம்பர்க் வீரருக்கு மலையேற்றத்தில் செயின் விழுந்தது. எதிராளியான கொன்டடோர் நிற்கவில்லை. அன்று ஷ்லெக் இழந்தது 39 வினாடி. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடும் அதே 39 வினாடி. (கொன்டடோரின் அந்த வெற்றி ஊக்கமருந்து வழக்கில் 2012இல் பறிக்கப்பட்டு ஷ்லெக்குக்கு அளிக்கப்பட்டது என்பது தனிக்கதை.)

பஞ்சரும் பிறவும்

பஞ்சர் இரு வகை. முள்ளோ ஆணியோ தைத்தால் ஒரே துளை. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கினால், பாம்பு கடித்தது போல் அருகருகே இரண்டு துளைகள். முதலாவதற்கு விதியைக் குறை கூறலாம். இரண்டாவதற்குக் காற்றடிக்கச் சோம்பிய நம்மையே கூறிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு. டியூபில் துளையே இருக்காது. காற்று மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். வால்வில் உள்ள சிறு ரப்பர் குழாய், கடையில் ‘வால் டியூப்’ என்பார்களே, அது வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். பந்தயத்துக்கு முதல் நாள் புதிது மாற்றுவது எளிது. முதல் நாள் என்பதைக் கவனிக்கவும்; பந்தயத்தன்று காலையில் எதையும் மாற்றக்கூடாது. புதிய பகுதி ஓர் இரவாவது சோதனையில் இருக்க வேண்டும்.

சாதாரண வண்டியில் 20 கி.மீ. போட்டியின் நடுவே பஞ்சரானால் பரிசை மறந்துவிடலாம். பின்சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டும் வித்தை நம் சாலையோரக் கடைக்காரர்கள் எல்லார்க்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கே பத்து நிமிடம் ஆகும். 60, 100 கி.மீ. ஓடும் பந்தய வண்டிப் போட்டிகளில் மட்டுமே டியூப் மாற்றி மீண்டும் ஓடுவதில் பொருள் உண்டு. அப்போதும் புது டியூபை நுழைக்குமுன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய முள் அங்கேயே இருந்தால் புது டியூபையும் அதுவே பதம் பார்க்கும்.

சக்கரத்தையே மாற்றும் வசதி உள்ள போட்டிகளில், நிற்பதற்கு முன்பே செயினைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்போது சக்கரம் தடையின்றி வெளியே வரும், உள்ளே போகும். ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழலும் அமைப்பைத் தந்தவர் இத்தாலியரான டூலியோ கம்பக்னோலோ. 1930இல் காப்புரிமை பெற்றார். அண்மைக் காலத்தில் டிஸ்க் பிரேக்கும் திருகி நுழைக்கும் அச்சும் வந்து இந்த எளிமையைச் சற்றுக் குலைத்துள்ளன. வட்டின் அளவு 140 மி.மீ. ஆகவோ 160 மி.மீ. ஆகவோ இருக்கலாம், பின்னால் பற்சக்கரம் 11 இருக்கலாம், 12 இருக்கலாம். பிறர் சக்கரம் நம் வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு இப்போது உறுதி இல்லை. மேனாடுகளில் அமெச்சூர் வீரர்கள் தத்தம் உதிரிச் சக்கரத்தில் பெயரெழுதிப் பின்வரும் காரில் வைத்துவிடுகிறார்கள். சக்கரம் வைத்தவனுக்கே சக்கரம் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. நியாயமான வழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னையும் பெடலையும் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு சுற்றிலும் காலடியில் ‘டக்’ என்று ஒரு தட்டல் தெரிந்தால் காட்டர் பின் தளர்ந்துவிட்டது என்று பொருள். இடப்பக்கப் பெடலின் மரை, வழக்கத்துக்கு மாறாக, இடம்புரியாக வெட்டப்பட்டிருக்கும். ஓட்டும்போது அது தானே கழன்றுவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. இதை அறியாமல் வலப்பெடலை இடப்பக்கம் முறுக்கிக் கிராங்கையே பாழாக்கியவர்கள் நம் விடுதியிலும் உண்டு.

யார் நிற்கலாம்?

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகள் கிறிஸ்டோஃப் காலத்துக் கடுமையைத் தளர்த்திவிட்டன. உணவு, நீர், ஸ்பேனர் போன்ற சிறு உதவிகள் வீரர்களுக்குள் செய்துகொள்ளலாம். ஆனால் சக்கரமோ வண்டியோ கொடுப்பதும், பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்பதும் ஒரே அணியினருக்குள் மட்டுமே அனுமதி. ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவது எவர்க்கும் கூடாது.

விதி அனுமதிக்கிறது; ஆனால் நிற்பது முறையா? 1934இல் பிரெஞ்சு அணியில் இருபது வயது ரெனே வியெத்தோ, மஞ்சள் சட்டை அணிந்திருந்த தன் தலைவர் அந்தோனின் மாஞ்ஞுக்குச் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மலைச்சாலையோரச் சுவரில் அமர்ந்து அழுத நிழற்படம் புகழ்பெற்றது. மறுநாளும் தலைவருக்குப் பழுது. முன்னே போய்விட்ட வியெத்தோ மலை மேல் திரும்பி ஏறிவந்து உதவினார். மாஞ்ஞு வென்றார்; வியெத்தோ ஐந்தாவதாக முடித்தார். அந்தத் தியாகத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அணி வென்றது.

எங்கள் போட்டிக்கு வருகிறேன். 11ஆவது கிலோமீட்டரில், ஒரு சிறுபாலத்தின் மேட்டில் வண்டி குதித்ததும் என் செயின் கழன்றது. சும்மா கழன்றிருந்தால் இருபது வினாடி. அது ஃப்ரீவீலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. நட்டைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளினாலன்றி வராது. என்னிடம் ஸ்பேனர் இல்லை. எங்கள் கல்லூரியிலிருந்து சென்ற இருவரில் மற்றவர் மூன்றாம் ஆண்டு பொருளியல் அண்ணன். முன்னணியில் சென்ற ஐவரில் ஒருவர். பல்கலைக்கழக அணிக்கான தேர்வுக்கு அந்தப் போட்டியின் முடிவைப் பார்ப்பார்கள் என்பது எங்கள் இருவர்க்கும் தெரியும். அது அவருக்குக் கடைசி ஆண்டு.

அவர் திரும்பிப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். ‘அண்ணே, நீங்க போங்க’ என்று சொன்னேன். சொன்னேனே தவிர, என் கை அவருடைய ஸ்பேனருக்காக நீண்டிருந்தது. ‘பேசாம சக்கரத்தைப் பிடிடா’ என்றார். நட்டுகளைத் தளர்த்தி, செயினை எடுத்து, சக்கரத்தை இழுத்து முறுக்கி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று.

மேலே போட்ட கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். நான்கு நிமிடம் என்றால் 2 கி.மீ. இடைவெளி. அதை 2 கி.மீ. கூடுதல் வேகத்தில் மூட ஒரு மணி நேரம், 32 கி.மீ. வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்ததோ 9 கி.மீ. அவர் நின்ற அந்தக் கணமே அவருடைய போட்டி முடிந்துவிட்டது. என்னுடையதோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. வியெத்தோ கொடுத்த சக்கரத்தில் ஒரு தலைவன் வென்றான். அண்ணன் கொடுத்த நான்கு நிமிடத்தில் யாரும் வெல்லவில்லை. அவர் நின்றிருக்கக்கூடாது என்பதே இன்றும் என் கருத்து, அவரிடமும் சொல்லியிருக்கிறேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் முடித்ததாகவே விதி ஏற்கிறது. நான் நடந்திருக்கலாம். என் கை நீளாமல் இருந்திருந்தால் அவரும் ஒருவேளை போயிருப்பார். இருவரும் கடைசி வரிசையில் ஒன்றாக வந்து சேர்ந்தோம். தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

மறுநாள் வண்டியைக் கடைக்குத் தள்ளிச் சென்றேன். கடைக்காரர் செயினைக் கழற்றிப் பலகை மேல் நீட்டி, அடிக்கோலை வைத்தார். 24 இணைப்புகள் 12¼ அங்குலம். ‘இது செயின் இல்ல தம்பி, ரப்பர்’ என்றார். ஃப்ரீவீலின் பற்களும் சுறாமீன் பல்போல் சாய்ந்திருந்தன. அதையும் மாற்றச் சொன்னார். பழைய பல்லில் புதுச் செயின் உட்காராதாம். கூலியோடு சேர்த்து நான் கொடுத்த தொகை, போட்டியின் மூன்றாம் பரிசைவிடக் குறைவு.

அண்ணன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறார். இவ்வாண்டுப் போட்டிக்கு முதல் நாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். பயிற்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘செயினை அளந்தியா?’ என்று கேட்டார். அளந்திருந்தேன். 12 அங்குலம்.